இறங்கிய பின் எங்கே போவது?

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பரப்பு 88 ஏக்கர். தென்மாவட்டங்களுக்குப் போகும் அரசு விரைவுப் பேருந்துகள் உடனடியாக அங்கே மாற்றப்பட்டன. ஆம்னி பேருந்துகளும் மாற வேண்டும் என்று ஜனவரியில் கெடு விதிக்கப்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. முனையத்துக்கு எதிரே, ஜிஎஸ்டி சாலைக்கு மறுபுறம், செங்கல்பட்டு ரயில் பாதை. காலை முதல் இரவு வரை புறநகர் ரயில்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால், முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. நிலையம் கட்டுவதும், அதிலிருந்து முனையத்துக்கு நடைமேம்பாலம் போடுவதும் அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலைகளாக இருந்தன.

வெளியூர்ப் பேருந்து ஊருக்குள் வரக் கூடாது என்ற முடிவில் தப்பில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முதல் நாள் இரவு பெருங்களத்தூரில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். அந்தச் சாலை அத்தனை பேருந்துகளைத் தாங்காது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பேருந்தை வெளியே நிறுத்திவிட்டோம். அதில் வந்த மனிதர் உள்ளே வர என்ன வழி என்று யோசிக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து பெட்டியும் தூக்கம் கலையாத குழந்தையுமாக அதிகாலை நாலரை மணிக்கு இறங்குகிறவர் வியாசர்பாடிக்குப் போயாக வேண்டும். அவர் போனார்: ஆட்டோவில், கால் டாக்ஸியில், கூப்பிட வந்த மைத்துனரின் பைக்கில். ஒரு பேருந்தை நகருக்கு வெளியே நிறுத்தி, அதற்குப் பதிலாகப் பத்திருபது வண்டிகளை நகருக்குள் அனுப்பியதுதான் மிச்சம்.

இது முதல் தடவை என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். பிராட்வேயிலும் பாரிமுனையிலும் திணறிக்கொண்டிருந்த வெளியூர்ப் பேருந்துகளை 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். ஆசியாவிலேயே பெரியது என்று பெருமை பேசினோம். அந்த நிலையத்தின் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது 2015 ஜூன் 29 அன்று. இடையில் ஏறத்தாழ பதிமூன்று ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் கோயம்பேட்டில் இறங்கியவர்கள் எல்லாரும் நூறடிச் சாலையின் தலையில்தான் விழுந்தார்கள். ஒருவழியாக ரயில் வந்து, பேருந்து நிலையமும் மெட்ரோவும் கைகோத்துக்கொண்டன. அது நடந்து எட்டரை ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். தெற்கே போகும் பேருந்துகளைக் கிளம்பச் சொல்லிவிட்டோம், மறுபடியும் ரயில் நிற்காத ஓர் இடத்துக்கு.

சென்னையின் நெரிசலைப் பற்றிப் பேசும்போது சாலை போதவில்லை, வண்டி பெருத்துவிட்டது, ஓட்டுகிறவர்களுக்கு ஒழுங்கில்லை என்று மூன்று காரணம் சொல்வது வழக்கம். மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த நகரத்தில் புறநகர் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. மின்சார டிராம் 1895லேயே வந்தது. 1953ல் அதை நாமே மூடினோம். பறக்கும் ரயில் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது, முப்பது லட்சம் பேரை ஏற்றும் பேருந்துகள் இருக்கின்றன. இத்தனை இருந்தும் ஒருவர் பைக் சாவியைத் தேடுகிறார் என்றால், இவற்றில் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடம் சரியில்லை என்று பொருள். அந்த இடத்தைக் கட்டுவது எந்தத் துறையின் வேலையும் அல்ல. என் பார்வையில் சென்னையின் நோய்க்கு இதுதான் மூலம்.

கிளாம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அது வீட்டுவசதித் துறையின் கீழ் வருகிறது. வெளியூர்ப் பேருந்துகள் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்துடையவை. நகரப் பேருந்துகள் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையவை. இரண்டுக்கும் அமைச்சர் ஒருவரே என்றாலும் கணக்குப் புத்தகம் வேறு வேறு. தண்டவாளம் தெற்கு ரயில்வேயுடையது. அதன் பெரிய முடிவுகள் டெல்லியில் எடுக்கப்படுகின்றன. எதிரே இருப்பது தேசிய நெடுஞ்சாலை. விமான நிலையத்திலிருந்து அங்கே நீட்டப்பட வேண்டிய மெட்ரோவோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். சிக்னலைப் பார்த்துக்கொள்வது தாம்பரம் மாநகரக் காவல். நடைபாதை உள்ளாட்சியின் பொறுப்பு. சாலையைக் கடக்கும் சில நூறு மீட்டருக்குள் இத்தனை எல்லைகள். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் வேலையைச் செய்திருக்கிறது, சில துறைகள் நன்றாகவே செய்திருக்கின்றன. முனையக் கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது. பெட்டியோடு நிற்கிறவருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. அவருக்கு எல்லாம் ஒரே சர்க்கார்.

இதற்கு மருந்து என்ன என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. 2006ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோளாக இருக்க வேண்டும் என்றது. பெருநகரம் ஒவ்வொன்றிலும் எல்லாப் போக்குவரத்தையும் ஒரு குடையின் கீழ் பார்க்கும் அமைப்பு வேண்டும் என்றது. தமிழ்நாடு இதில் பின்தங்கவில்லை. 2010லேயே சட்டம் இயற்றிவிட்டது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, பிறந்தது. பிறந்த குழந்தையைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டு ஆட்சிகள் இரண்டு மாறின. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019ல். முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் மெட்ரோவின் முதல் கட்டமே முடிந்துவிட்டது. எந்த நிலையத்தின் வாசல் எந்தப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று கேட்க ஆள் இல்லாத காலத்தில் அவை கட்டப்பட்டன.

கும்டாவை ஆட்சியாளர்கள் ஏன் இவ்வளவு தயங்கித் தயங்கி வளர்த்தார்கள் என்பது அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று அறிந்தவர்களுக்கு விளங்கும். ஒரு துறையின் பலம் அதன் பட்ஜெட்டில் இருக்கிறது. டெண்டர் விடுகிறவர் கையில் அதிகாரம். ஒருங்கிணைக்கிறவர் கையில் கூட்டக் குறிப்பு மட்டும்தான். கும்டா இன்று திட்டம் வரைகிறது, ஆய்வு செய்கிறது, துறைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுகிறது. அடுத்த கால் நூற்றாண்டுக்கான போக்குவரத்துத் திட்டத்தையும் அதுதான் தயாரித்தது. எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் கட்டும் பணம் அந்தந்தத் துறையிடம். நடைமேம்பாலம் வேண்டுமா, மேம்பாலம் வேண்டுமா என்று இரண்டு துறைகள் இரண்டு கோப்புகளோடு நிதித்துறையிடம் போகும்போது, கும்டா சொல்கிற பேச்சு எந்தக் கோப்பில் ஏறும்?

பறக்கும் ரயிலின் கதை இதைவிட நீளம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995ல் ஓடத் தொடங்கியது. திருமயிலைக்கு 1997ல் வந்தது, திருவான்மியூருக்கு 2004ல், வேளச்சேரிக்கு 2007ல். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டு. நிலம் எடுக்கும் தொல்லை வேண்டாம் என்று பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். கால்வாயும் போனது, ஒவ்வொரு மழைக்கும் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கால்வாய் போகும் வழியில் ரயில் போனதால், மக்கள் நடமாடும் தெருக்களிலிருந்து நிலையங்கள் ஒதுங்கி நின்றன. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று எழுப்பிய பிரம்மாண்டக் கூடங்களில் பல இன்றும் காலி. இரவு எட்டு மணிக்கு மேல் சில நிலையங்களின் படிக்கட்டில் தனியாக இறங்கப் பெண்கள் யோசிக்கிறார்கள் என்றால், அதற்குக் காவலர் பற்றாக்குறையை மட்டும் காரணம் சொல்லக் கூடாது. மக்கள் இல்லாத இடத்தில் நிலையம் கட்டியதும் காரணம்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டர் போடப்பட்டால் பறக்கும் ரயிலும் தாம்பரம் ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்பது திட்டம். 2008ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பகுதியில் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கில் சிக்கி, மீதிப் பாலம் முழுக்கத் தயாராக நின்றும், பத்தாண்டுக்கு மேல் உள்வட்டச் சாலையில் தூண்கள் வானத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகரில் உத்திரம் ஒன்று சரிந்து விழுந்ததும் நடந்தது. வீடு இழந்தவர்கள் நியாயமான விலை கேட்டதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த இணைப்பு நின்றுபோனதால் தினமும் நகரம் இழந்த நேரத்துக்கும் எரிபொருளுக்கும் முன்னால், அவர்கள் கேட்ட கூடுதல் தொகை அற்பம். ஆனால் அந்த இழப்பு எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாது. கொடுக்கும் தொகை மட்டும் தணிக்கையில் வரும். அதனால்தான் கோப்பு நகரவில்லை.

இதே பாதையில் 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ரயிலை நிறுத்தினார்கள். கடற்கரை, எழும்பூர் இடையே நான்காவது பாதை போட வேண்டும் என்பது காரணம். சேவை திரும்பியது 2024 அக்டோபர் இறுதியில். நான்காவது பாதை அவசியமானது, மறுக்கவில்லை. ஓராண்டுக்கும் மேலாகச் சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கிவிடப்பட்டவர்கள் தினமும் எப்படிப் பாரிமுனைக்குப் போவார்கள் என்ற கேள்வியை ரயில்வே மாநில அரசின் பக்கம் தள்ளியது, மாநில அரசு ஒன்றிரண்டு பேருந்துகளைக் கூட்டியது. அந்த மாதங்களில் ரயிலை விட்டுப் பைக்குக்கு மாறியவர் மறுபடி ரயிலுக்கு வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தவணை கட்டத் தொடங்கிய வண்டியை யாரும் வீட்டில் நிறுத்தி வைப்பதில்லை.

இனி பேருந்துக்கு வருவோம். சென்னையில் பேசப்படும் போக்குவரத்து மெட்ரோ. நடக்கிற போக்குவரத்து பேருந்து. மெட்ரோவில் நாளொன்றுக்குப் போகிறவர்கள் மூன்று லட்சத்தை ஒட்டி. மாநகரப் பேருந்தில் அதைப் போலப் பத்து மடங்கு. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில்தான் அதற்கு ஒப்புதல் தந்தது, அதுவரை மாநிலம் தன் கையிலிருந்து செலவழித்தது. அந்தப் பணத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் மெட்ரோ இல்லாமல் பிழைக்காது. பேருந்துக்கு என்ன செய்தோம் என்பதே என் கேள்வி.

லட்சம் பேருக்கு அறுபது பேருந்துகள் இருந்தால் நல்ல சேவை என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் வகுத்த அளவுகோல். சென்னைப் பெருநகரில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். பாதிதான். பெங்களூருவில் ஆறாயிரத்துக்கும் மேல் ஓடுகின்றன. பத்தாண்டுகளில் நம் நகரம் பொன்னேரிப் பக்கமும் மறைமலைநகர்ப் பக்கமும் பரவியது. பேருந்து எண்ணிக்கை அதோடு வளரவில்லை. 2022ல் பெருநகர எல்லையையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். வரைபடத்தை ஐந்து மடங்கு விரிப்பது ஒரு நாள் வேலை. பேருந்தை ஐந்து மடங்காக்க யாரும் அரசாணை போடவில்லை.

பேருந்து வராத இடத்தை ஷேர் ஆட்டோ நிரப்பியது. அபே ஆட்டோவும் டாடா மேஜிக்கும் ஓட்டுகிறவர்கள் எந்தத் திட்டக் கல்லூரியிலும் படித்ததில்லை. எந்த நிலைய வாசலில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இறங்குவார்கள், அவர்கள் எந்தத் தெருமுனைக்குப் போவார்கள் என்பதை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர் இந்த நகரத்தில் இல்லை. அவர்கள் ஓடும் தடங்களைக் குறித்துக்கொண்டு வந்தாலே நகருக்கு எங்கெங்கே சிற்றுந்து வேண்டும் என்ற பட்டியல் கிடைத்துவிடும். 2013ல் சிற்றுந்துகளை அரசே விட்டது. நல்ல யோசனை. பிரதான சாலையிலிருந்து உள்ளே போகும் தெருக்களுக்கு அவை போயின, மக்கள் ஏறினார்கள். பிறகு அந்தத் திட்டம் வளராமல் தேங்கியது. சிற்றுந்து லாபம் தராது என்றார்கள்.

நஷ்டம் என்ற சொல் பேருந்தைப் பற்றி மட்டும் பேசப்படுவது எனக்கு எப்போதும் வியப்பு. ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்தொடரிலும் போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டம் எத்தனை கோடி என்று தலைப்புச் செய்தி வருகிறது. 1973ல் திறந்த ஜெமினி மேம்பாலம் இதுவரை எவ்வளவு லாபம் ஈட்டியது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்பது முட்டாள்தனமாகத் தோன்றும். மேம்பாலம் சேவை, பேருந்து வியாபாரம் என்ற இந்தக் கணக்கை யார் எப்போது எழுதிவைத்தார்கள் என்று தெரியவில்லை, எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இந்தக் கணக்கை ஓரளவு உடைத்தது 2021 மே மாதத்தில் வந்த மகளிர் இலவசப் பயணம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகலாம் என்றதும் என்ன நடந்தது என்பதைக் கண்ணகி நகரில் கேட்க வேண்டும், பெரும்பாக்கத்தில் கேட்க வேண்டும். நகரின் நடுவிலிருந்த குடிசைகளை அப்புறப்படுத்தி, அங்கிருந்தவர்களைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தோம். 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் அப்புறம் பெரும்பாக்கம். வீடு கொடுத்தது ஒரு வாரியம். அந்த வீட்டிலிருந்து மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பாத்திரம் துலக்கப் போகும் பெண் காலை ஆறு மணிக்கு எப்படிப் போவார் என்பது அந்த வாரியத்தின் கவலை அல்ல. வேலை நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு குடும்பத்தை இருபது கிலோமீட்டர் தள்ளிவைத்தால், நகரத்துச் சாலையில் தினமும் நாற்பது கிலோமீட்டர் புதிய பயணத்தை நாமே உண்டாக்குகிறோம். பல்லாயிரம் குடும்பங்களுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். இலவசப் பயணம் அந்தப் பெண்களின் சம்பளத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டது. அதே நேரத்தில் ஏறும் கூட்டத்துக்கு ஏற்பப் பேருந்து கூடாததால், நிறுத்தத்தில் நிற்காமல் போகும் ஓட்டுநர்களையும் அது உண்டாக்கியது. இலவசத்தைக் குறைசொல்கிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். அங்கே குறைவது பேருந்து.

புதிய பேருந்துகள் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றப் படியேறிப் போராடிய பிறகு 2024ல் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. நல்ல வண்டிகள், சத்தமில்லை, குலுக்கல் இல்லை. ஆனால் அண்ணா சாலை சிக்னலில் அவை ஒற்றை ஆளோடு நிற்கும் காருக்குப் பின்னால் அதே வரிசையில்தான் நிற்கின்றன. அறுபது பேரை ஏற்றிய வண்டிக்கும் ஒருவரை ஏற்றிய வண்டிக்கும் சாலையில் ஒரே உரிமை என்றால், அறுபது பேரில் வசதி வந்தவர் ஒவ்வொருவராக இறங்கிக் கார் வாங்கப் போய்விடுவார். பேருந்துக்குத் தனித் தடம் என்ற பேச்சு சென்னையில் இருபது ஆண்டாக இருக்கிறது. அகமதாபாத் 2009ல் ஓட்டிக் காட்டியது. டெல்லி போட்டது, கார்க்காரர்கள் கூச்சலிட்டதும் பிடுங்கி எறிந்தது. நாம் போடவும் இல்லை, பிடுங்கவும் இல்லை, அறிக்கைகளோடு நிறுத்திக்கொண்டோம்.

இங்கே தேனாம்பேட்டைக்கு வந்துதான் ஆக வேண்டும். தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை. மதிப்பீடு 621 கோடி ரூபாய். அடிக்கல் 2024 ஜனவரியில். அந்தச் சாலைக்கு நேர் கீழே, பூமிக்குள், மெட்ரோ ஓடுகிறது. தேனாம்பேட்டையில் நிலையம் உண்டு, நந்தனத்தில் உண்டு, சைதாப்பேட்டையில் உண்டு. மெட்ரோ சுரங்கத்தின் மீது பாரம் ஏறக் கூடாது என்பதற்காகவே மேலே கட்டும் பாலத்தைக் கான்கிரீட்டுக்குப் பதிலாக எஃகில் வடிவமைத்திருக்கிறார்கள். பொறியியல் சாதனை என்பதில் சந்தேகமில்லை. கொள்கை என்று பார்த்தால், கார்களை விட்டுக் கீழே வாருங்கள் என்று ஒரு துறை ஆயிரக்கணக்கான கோடியில் அழைக்கிறது, அதே இடத்தில் வேகமாகக் காரில் போங்கள் என்று இன்னொரு துறை மேலே பாலம் போடுகிறது. இரண்டும் நம் பணம். ஒரு தாழ்தளப் பேருந்தின் விலை ஒரு கோடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 621 கோடிக்கு அறுநூறு பேருந்துகள் வரும். இன்று இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அவற்றை ஓட்ட ஆண்டுதோறும் டீசலும் சம்பளமும் வேண்டும், பாலத்துக்கு அது இல்லை என்பது நிதித்துறையின் வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலத்தின் மேல் பேருந்து போனாலும் அது நடுவில் நிற்க முடியாது. நந்தனத்தில் ஏற வேண்டியவர் கீழேதான் நிற்பார், தூசியோடு.

மேம்பாலத்தை வேண்டாம் என்று சொல்லும் அரசியல்வாதி தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. காரணம் எளிது. அதற்கு அடிக்கல் உண்டு, கல்வெட்டு உண்டு, யார் காலத்தில் கட்டியது என்று மேடையில் சொல்லலாம். 29சி பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரத் தொடங்கியதற்கு எங்கே கல்வெட்டு வைப்பது? துறைமுகம், மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009ல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று சொல்லி 2012ல் மாநில அரசு நிறுத்தியது. ஆட்சி மாறியபின், இரண்டடுக்குச் சாலையாக மாற்றி, 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். ஒரே சாலை, இரண்டு அடிக்கல், நடுவே பதிமூன்று ஆண்டுகள், கூவத்துக்குள் நின்ற மொட்டைத் தூண்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் அதுவரை எங்கே நின்றன என்று எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2000ல் டைடல் பார்க் வந்தது, பின்னாலேயே ஆறு வழிச் சாலை வந்தது, சுங்கச்சாவடிகள் வந்தன. பறக்கும் ரயில் தரமணி வரை வந்துவிட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிக்கொண்டது. லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போகும் சாலைக்கு ரயில் இல்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டோம். நிறுவனங்களின் வேன்களும் கேப்களும் ஷேர் ஆட்டோக்களும் ஈடுகட்டின. இப்போது மெட்ரோவுக்காகத் தோண்டுகிறார்கள், அதற்காக 2021ல் நான்கு சுங்கச்சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். அன்றைக்கே ஆறு தடங்களில் நடுவிலிருந்த இரண்டைப் பேருந்துக்கென்று ஒதுக்கியிருந்தால் அது ரயிலுக்கு இடம்பிடித்து வைத்ததாகவும் இருந்திருக்கும்.

கட்டணத்தில் ஒரு முன்னேற்றம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் கும்டா வெளியிட்ட ‘சென்னை ஒன்று’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். ஆனால் டிக்கெட் ஒன்றானதே தவிரக் கட்டணம் ஒன்றாகவில்லை. பேருந்தில் 5 ரூபாயில் தொடங்கும், ரயிலிலும் 5 ரூபாயில் தொடங்கும், மெட்ரோவில் 10 ரூபாயில் தொடங்கும். மாறி ஏறும் ஒவ்வொரு முறையும் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். மாறி ஏறுகிறவர்தான் நேரத்தையும் இழக்கிறார், கூடுதல் பணத்தையும் கட்டுகிறார். சிங்கப்பூர் 2010ல் இதைச் சரிசெய்தது: மாறி ஏறினாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம். அங்கே அது எளிதானதற்குக் காரணம், சாலையையும் ரயிலையும் பேருந்தையும் ஒரே ஆணையம் பார்த்துக்கொள்வது. இங்கே மெட்ரோவின் வருமானம் மெட்ரோவுக்கு, ரயிலின் வருமானம் ரயில்வேக்கு. விட்டுக்கொடுக்கும் ஐந்து ரூபாயை யார் ஈடுகட்டுவது என்பதில் பேச்சு நின்றுவிடும்.

நடைபாதையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் எல்லாப் பயணமும் நடையில்தான் தொடங்குகிறது. 2014ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது அது. இந்திய நகரங்களில் அவ்வளவு துணிச்சலாக எழுதியவர்கள் அப்போது குறைவு. 2019ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது. கடைக்காரர்கள் பயந்தார்கள், கூட்டம் வந்தது, பயம் போனது. சரி, அதற்குப் பிறகு இன்னொரு பாண்டி பஜார் ஏன் வரவில்லை? மெட்ரோ நிலையத்தின் பளபளப்பான படியில் ஏறி வெளியே வந்தால், நிறுவனத்தின் எல்லை முடியும் இடத்தில் கிரானைட் முடிகிறது. அதற்கப்பால் மின்பெட்டி, நிறுத்தியிருக்கும் பைக், மழைநீர் வடிகாலின் திறந்த மூடி. ஐப்பசி மழையில் அந்த இருநூறு மீட்டரை முட்டிவரை தண்ணீரில் கடக்க வேண்டியிருந்தால், குளிர்சாதன ரயில் எதற்காக?

செய்ய வேண்டியவற்றில் பல, பணத்தைவிட அதிகாரத்தை இடம் மாற்றுவதில்தான் இருக்கின்றன. நிலைய வாசல்களைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வட்டத்தில் நடைபாதை, நிறுத்தம், சிற்றுந்து, விளக்கு ஆகியவற்றுக்கான பணத்தைத் துறைகளிடமிருந்து எடுத்து கும்டாவின் கையில் கொடுக்கலாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் செலவில் நூறில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் 632 கோடி வரும். அண்ணா சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் நெரிசல் நேரத்தில் மட்டுமாவது ஒரு தடத்தைப் பேருந்துக்கு விடலாம். அதற்கு வர்ணமும் காவலரும் கேமராவும் போதும். இந்த இரண்டையும் செய்யாமல் அடுத்த மேம்பாலத்துக்கு மதிப்பீடு கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

உடனடிச் சோதனை ஒன்று காத்திருக்கிறது. பூந்தமல்லிக்கு அப்பால் குத்தம்பாக்கத்தில், பெங்களூரு சாலைப் பேருந்துகளுக்கென்று எழுப்பப்பட்டிருக்கும் முனையம். பக்கத்தில் புறநகர் ரயில் இல்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மேற்கு முனை பூந்தமல்லி. அங்கிருந்து முனையத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர். வேலூரிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு அங்கே இறங்குகிறவருக்கு அம்பத்தூருக்கு, பெரம்பூருக்கு, கிண்டிக்கு, பூந்தமல்லி மெட்ரோவுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்ற கால அட்டவணையில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பதை அரசு இப்போதே ஆணையாக வெளியிடலாம். கும்டாதான் என்றால், அந்தப் பேருந்துகளை மாநகர் போக்குவரத்துக் கழகத்திடமிருந்து கேட்டு வாங்கும் அதிகாரமும் அதே ஆணையில் இருக்க வேண்டும்.